அவசரத்தில் எழுதிய முதற்பிரதி

நாவல் எழுதத் தொடங்குவோருக்கு வேகம் ஒரு வரம். கதை நெஞ்சில் சூடாக இருக்கும்போதே அதைத் தாளில் இறக்கிவிட வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், இறக்கி வைத்ததையே முடிந்த நூலாகக் கொள்ளலாகாது. தாம் சொல்ல வந்தது எது என்பதை, எழுதியவர் அம்முதற்பிரதியைப் பொறுமையுடன் படித்தே கண்டுகொள்ள வேண்டும். இதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ அம்மையாரின் அனுபவம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

அலபாமா மாநிலத்துச் சிற்றூரான மன்றோவில்லில் பிறந்த அவர், 1949-இல் நியூயார்க் நகரம் சென்று, விமானக் கம்பெனியில் பயணச்சீட்டுப் பதியும் வேலை பார்த்தார். 1956-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று, நண்பர் குடும்பம் ஒன்று, ஓராண்டுக் காலம் வேலையின்றி எழுதுவதற்குப் போதிய பணத்தைப் பரிசாக அளித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், சில வாரங்களிலேயே ஒரு நாவலை எழுதி முடித்தார். 'கோ செட் எ வாட்ச்மேன்' என்பது அதன் பெயர்.

நியூயார்க்கில் வாழும் 26 வயது ஜீன் லூயிஸ் விடுமுறைக்குச் சொந்த ஊர் திரும்புகிறாள். தெய்வமாகப் போற்றிய தந்தை அட்டிக்கஸ், கறுப்பின மக்களின் சம உரிமையை எதிர்ப்போர் கூட்டத்தில் அமர்ந்திருக்கக் கண்டு மனமுடைகிறாள். இதுவே கதை.

லிப்பின்காட் பதிப்பகத்தின் ஆசிரியை டே ஹோஹாஃப் அதைப் படித்தார். கதாநாயகி தன் குழந்தைப் பருவத்தை நினைவுகூரும் பகுதிகளே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அச்சிறுமியின் பார்வையிலேயே கதையை எழுதும்படி தூண்டினார். திருத்தும் பணி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

என்னென்ன மாறின? கதைக்காலம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்னே சென்றது. சிறுமியே 'நான்' என்று கதை சொல்லத் தொடங்கினாள். முதற்பிரதியில் இறந்துபோயிருந்த அண்ணன் ஜெம் உயிர்பெற்று உடன் விளையாடினான். அங்கே சில வரிகளில் கூறப்பட்ட பழைய வழக்கு ஒன்றில், குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் விடுதலை பெற்றிருந்தார். புதிய நாவலில் அவ்வழக்கே மையமாயிற்று; குற்றமற்றவர் தண்டிக்கப்பட்டார். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற பெயருடன் 1960-இல் வெளிவந்த அந்நூல், 1961-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

பழைய பிரதி 2015-இல் அச்சேறியபோது, திருத்தத்திற்குக் கொடுத்த விலையும் தெரியவந்தது. சிறுமியின் கண்ணுக்குக் குறையற்றவராகத் தோன்றும் தந்தை, வளர்ந்த மகளின் கண்ணுக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு பார்வையைப் பெறுவதற்காக ஆசிரியை மற்றொன்றைக் கைவிட்டார். திருத்தம் என்பது பிழை களைவது மட்டுமன்று. ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் துறப்பதுமாகும்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது புதிதன்று. நினைவில் வாழும் ஊர் ஒன்று. விடுமுறையில் சென்று காணும் ஊர் மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் எழுத முற்பட்டால் இரண்டுமே மங்கிவிடக்கூடும்.

ஆகவே, எழுதும் ஆர்வமுள்ள அன்பர்கள் முதற்பிரதியைச் சில வாரங்கள் பெட்டியில் வைத்துவிட்டு, பின்னர் அயலார் எழுத்தைப் போல் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். முகத்துக்காகப் புகழாத ஒருவரிடமும் கொடுக்கட்டும். எந்தப் பக்கத்தில் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறாரோ, அந்தப் பக்கத்திலிருந்தே மீண்டும் எழுதத் தொடங்கலாம்.