நள்ளிரவுத் தடையும் இல்லத்துக் கடமையும்

சிறுவர்க்கு விளையாட்டு இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். ஆயின், கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் விளையாட்டு உறக்கத்தையும் பாடத்தையும் ஒருங்கே விழுங்கத் தலைப்படுங்கால், அதனை வரையறுத்தற்கு உரியார் யாவர்? அரசினரா, பெற்றோரா? தென்கொரிய நாட்டார் இவ்வினாவிற்குச் சட்டத்தின் வாயிலாக விடை காண முயன்று, பத்தாண்டுகட்குப் பின் அச்சட்டத்தைத் தாமே நீக்கினர். அவ்வரலாறு பெற்றோர்க்கும், நாளை ஆசிரியத் தொழில் பூணவிருக்கும் நம் மாணவர் சிலர்க்கும் பயன்படுவதாகலின் ஈண்டு உரைக்கப்படுகின்றது.

1997-ஆம் ஆண்டில் கொரியாவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. அதனையடுத்து அரசினர் விரைவு இணையத்தை நாடெங்கும் பரப்பினர். "பீசி பாங்" எனப்படும் வாடகைக் கணினிக் கூடங்கள் தெருத்தோறும் தோன்றின. 1998-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் என்னும் போர் விளையாட்டு அக்கூடங்களை நிரப்பிற்று. அதில் வல்ல இளைஞர் தொலைக்காட்சியில் தோன்றிப் புகழும் ஊதியமும் பெற்றனர். நாட்டின் பெருமையும் பெற்றோரின் கவலையும் ஒரே நிலத்தில் முளைத்து ஒருங்கே வளர்ந்தன.

2011 நவம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயது நிரம்பாதார் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டிற் புகலாகாது. புகவிடாது தடுத்தல் விளையாட்டு நிறுவனத்தாரின் பொறுப்பு. நள்ளிரவு மணியடித்தவுடன் விருந்தை விட்டோடிய கதைப் பெண்ணை நினைந்து, இதனைச் "சிண்டரெல்லா சட்டம்" என்று மக்கள் வழங்கினர். இது செல்லாதென வாதிட்டோர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றனர். 2014-இல் அந்நீதிமன்றம் சட்டம் செல்லுமெனவே தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தில் வென்ற சட்டம் வீட்டில் வென்றிலது. நிறுவனத்தார் வயதை அறிந்தது குடிமக்கட்கு அரசினர் வழங்கும் பதிவெண்ணால். தாய் தந்தையரின் எண்ணைப் பிள்ளைகள் அறியார்களோ? அதனை இட்டு உட்புகுந்தார் பலர். அன்றியும், சட்டம் கணினி விளையாட்டையே பெரிதும் கருதி எழுதப்பட்டது. சில்லாண்டுகளில் சிறுவரின் ஆட்டம் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. கைப்பேசி ஆட்டங்களோ தடைக்குப் புறம்பாகவே நின்றன. வாயிலைக் காவல் செய்ய, வீட்டுக்குப் புதிதாக மற்றொரு வாயில் திறந்துவிட்டாற் போன்றதாயிற்று. 2021 ஆகஸ்டில் அரசினர் சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தனர். 2022 ஜனவரி முதல் அது ஒழிந்தது.

இவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டென்பது என் கருத்து. கொரியச் சிறுவர் பலர் பள்ளி விட்டதும் "ஹாக்வோன்" எனப்படும் தனிப்பயிற்சி நிலையம் செல்வர். சியோல் நகரில் இரவு பத்து மணிக்குமேல் அவை நடத்தப்படலாகாதென்று விதி செய்ய நேர்ந்ததெனின், அவர்தம் பகற்பொழுது எத்தகையதென்று உய்த்துணரலாம். பத்து மணிக்கு வீடு திரும்பும் சிறுவனுக்குத் தனதென்று சொல்லத்தக்க நேரம் நள்ளிரவன்றி வேறு யாது? நண்பரும் அந்நேரத்தில் அத்திரையின்கண்ணே தான் கிடைப்பர். சட்டம் ஆட்டத்தை எடுத்தது. அதனிடத்தில் ஒன்றையும் வைத்திலது. நம் ஊர்களில் மாலைதோறும் தனிவகுப்பிற்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இரவில் கைப்பேசியைக் கடியும் பெற்றோர் இதனைச் சிறிது எண்ணுதல் நன்று.

சட்டம் நீங்கியபின் எஞ்சியது மற்றொரு முறை. பெற்றோரோ பிள்ளையோ வேண்டிக்கொண்டால், அவர் குறித்த நேரங்களில் மட்டும் நிறுவனத்தார் ஆட்டத்தை நிறுத்துவர். நேரத்தை வகுக்கும் உரிமை இவ்வாறு இல்லத்திற்கே மீண்டது. அவ்வுரிமையைச் செவ்வனே ஆளுதற்குப் பெற்றோர் முதற்கண் அறியவேண்டுவது ஆட்டத்தின் அமைப்பு. சான்றாக, லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்பதில் ஐவர் ஓரணியாக ஐவரை எதிர்ப்பர்; ஓர் ஆட்டம் அரைமணி அளவு நீளும், சிலபோது அதனினும் மிகும். இடையே நிறுத்திவைத்தல் எளிதன்று, இடையில் எழுந்து செல்பவன் தன் நண்பர் நால்வரைக் கைவிட்டவனாவான், தண்டமும் பெறுவான். இஃதறியாத தந்தையார் "இன்னும் பத்து நிமிடம்" என்று ஆணையிட்டு, மகன் எழாமை கண்டு சினப்பர். மகனோ தன்பால் நீதியில்லையென்று மனம் புழுங்குவான். "எட்டு மணிக்குப்பின் புதிய ஆட்டம் தொடங்கலாகாது" என்பதே இருவர்க்கும் பொருந்தும் விதி. அதனையும் ஆட்டம் நிகழுங்காலத்தன்றி, உணவருந்தும் வேளை போன்ற அமைதியான பொழுதில், பிள்ளையையும் உடன்வைத்து வகுத்தல் வேண்டும்.

இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல் மற்றொரு விதி. இது பிள்ளைக்கு மட்டும் உரியதாயின் ஒரு வாரமும் நில்லாது. கூடத்து அலமாரியில் மின்னூட்டத்திற்கு வைக்கப்படும் கைப்பேசிகளுள் தந்தையாருடையதும் தாயாருடையதும் முதலில் இருத்தல் வேண்டும். விழித்தெழுதற்கு மணி வேண்டுமெனின், கடிகாரம் இன்னும் கடைகளில் விற்கப்படுகின்றது.