29 உயிரைக் குடித்த சுரங்க வெடிப்பு: கம்பெனியின் சதியா?

அமெரிக்காவில் 2010-ம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று வெடித்து 29 தொழிலாளர்கள் பலியானார்கள். சுரங்கத்தை நடத்திய கம்பெனி மீதே சந்தேகம் விழுந்தது. விசாரணையில் திடுக்கிடும் தகவல்கள் வெளியாயின.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மேற்கு வர்ஜீனியா மாநிலம் மாண்ட்கோல் என்ற இடத்தில் இருந்தது "அப்பர் பிக் பிராஞ்ச்" சுரங்கம். மேசி எனர்ஜி என்ற பெரிய கம்பெனிக்குச் சொந்தமானது. ஏப்ரல் 5-ந் தேதி பிற்பகல் 3 மணி அளவில் அது வெடித்தது. சுரங்கப் பாதைகளில் 2 மைலுக்கு மேல் அந்த வெடிப்பு பாய்ந்தது.

"இயற்கையின் வேலை"

"பூமிக்கு அடியில் இருந்து திடீரென்று வாயு பீறிட்டது. நாங்கள் என்ன செய்வது?" என்கிற தோரணையில் கையை விரித்தது கம்பெனி.

விசாரணைக் குழுக்கள் அதை ஏற்கவில்லை. நிலக்கரி வெட்டும் எந்திரத்தின் பற்கள் தேய்ந்து போயிருந்தன. தீப்பொறி பறந்தது. அதை அணைக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் சரியில்லை. மீத்தேன் வாயு பற்றியது.

கரித்தூள் மீது சுண்ணாம்புக்கல் பொடி தூவியிருந்தால் தீ அதோடு நின்றிருக்கும். போதுமான அளவு தூவவில்லை. கரித்தூளே வெடிமருந்து ஆகிவிட்டது.

ரெண்டாம் நம்பர் நோட்டு

சில கடைகளில் ரெண்டாம் நம்பர் கணக்கு வைப்பார்களே, அது போல இங்கேயும் 2 நோட்டு! உண்மையான ஆபத்துகள் கம்பெனியின் சொந்த நோட்டில் இருந்தன. இன்ஸ்பெக்டர் பார்க்கும் நோட்டில் அவற்றில் பல இல்லை.

இன்ஸ்பெக்டர் கார் வாசலுக்கு வந்ததுமே காவலாளிகள் ரேடியோவில் தகவல் கொடுத்து விடுவார்கள். அவர் உள்ளே போய்ச் சேர்வதற்குள் குறைகளை மூடி மறைத்து விடுவார்கள்.

வெடிப்புக்கு முன்பு அதே சுரங்கத்தில் இன்னொரு எந்திரத்தில், வாயு கூடினால் தானாக நிறுத்தும் கருவியின் ஒயரை மாற்றிப் போட்டு அதை ஊமையாக்கி இருந்தார்கள். சுரங்க சூப்பிரண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 21 மாதம் ஜெயில்.

காவல் பிரிவுத் தலைவருக்கு 3 ஆண்டு. விசாரணையில் பொய் சொன்னார், ஆவணங்களைக் குப்பையில் போடச் சொன்னார் என்பது குற்றம்.

சதிதான், ஆனால்...

யாரும் வேண்டுமென்றே சுரங்கத்தை வெடிக்க வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் "சதி" என்ற வார்த்தை கோர்ட்டு தீர்ப்பிலேயே வந்தது. பாதுகாப்புச் சட்டங்களை மீறச் சதி செய்தார் என்று, தலைமை அதிகாரியாக இருந்த டான் பிளாங்கன்ஷிப்பை 2015 டிசம்பரில் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். பெரிய குற்றச்சாட்டுகளில் விடுதலை. தான் நிரபராதி என்றே அவர் சொல்லி வந்தார்.

2016 ஏப்ரல் 6-ந் தேதி தண்டனை வந்தது: 1 வருட ஜெயில், 2½ லட்சம் டாலர் அபராதம். அந்தச் சட்டப்பிரிவில் கொடுக்கக்கூடிய அதிகபட்ச சிறைத்தண்டனையே அவ்வளவுதான்.

29 பேர் இறந்து அன்றோடு 6 வருடமும் 1 நாளும் ஆகியிருந்தது.