சிறுநீரகம் போடும் தப்புக்கணக்கு

நம் உடல் எடையில் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து அரை சதவீதம்தான் வரும். ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவு, அவற்றுக்குப் போகிறது. மகாதமனியிலிருந்து வலமும் இடமுமாகப் பிரியும் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலக் குழாய்கள் அதைக் கொண்டுசேர்க்கின்றன. அந்தக் குழாய்களில் ஒன்று சுருங்கினால் சிறுநீரகம் மட்டும் வாடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. உடல் முழுவதும் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

கடைமடை விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். தன் வயலுக்கு வரும் வாய்க்கால் தூர்ந்துபோயிருப்பது அவருக்குத் தெரியாது. ஆற்றிலேயே தண்ணீர் இல்லை போலும் என்று எண்ணி, அணையை இன்னும் திறக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறார். அணை திறக்கிறது, அவர் வயலுக்குக் கொஞ்சம் தண்ணீர் வருகிறது, வழியிலுள்ள ஊர்களிலெல்லாம் கரை உடைகிறது. சிறுநீரகம் அனுப்பும் அந்த ஆளுக்கு ரெனின் என்று பெயர். கல்லீரல் தயாரித்துவைத்திருக்கும் ஒரு புரதத்தை அது வெட்ட, வெட்டிய துண்டு நுரையீரலைக் கடக்கும்போது ஆஞ்சியோடென்சினாக உருமாறி ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பையும் தண்ணீரையும் உடலிலேயே தேக்கிவைக்கிறது. விலை கொடுப்பவை மூளையும் இதயமும் கண்ணும்.

ரெனினை 1898-லேயே ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டுபிடித்திருந்தார்கள். அதை ஏறக்குறைய எல்லோரும் மறந்துபோனார்கள். கிளீவ்லாந்தில் நோய்க்கூறியல் நிபுணராக இருந்த ஹாரி கோல்ட்பிளாட், உயர் ரத்த அழுத்தத்தோடு இறந்தவர்களின் உடல்களில் சிறுநீரக ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதைப் பார்த்தார். அழுத்தம் ஏறியதால்தான் குழாய்கள் கெட்டன என்பது அன்றைய பொதுவான எண்ணம். அதைத் திருப்பிப்போட்டுப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. வெள்ளியில் ஒரு சின்னக் கவ்வி செய்து, நாய்களின் சிறுநீரகத் தமனியில் மாட்டி, திருகித் திருகி இறுக்கினார். அழுத்தம் ஏறியது. 1934-இல் அதை வெளியிட்டார். ஒரு நோயின் காரணத்தை இவ்வளவு எளிய கருவியால் காட்டிய பரிசோதனைகள் மருத்துவ வரலாற்றில் மிகக் குறைவு.

அடுத்து வந்தது அவசரம். 1938-இல் அமெரிக்காவில் ஒரு சிறுவனின் தமனி அடைபட்ட சிறுநீரகத்தை எடுத்ததும் பி.பி. இறங்கியது. ஒரு சிறுநீரகம் சிறுத்திருந்தாலே அதை எடுத்துவிடும் பழக்கம் பரவியது. உடலியங்கியல் அறிஞர் ஹோமர் ஸ்மித் 1956-இல் இப்படிப்பட்ட 575 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார். நிவாரணம் கிடைத்தது சுமார் கால்வாசிப் பேருக்கு மட்டுமே. மற்றவர்கள் ஓர் உறுப்பை இழந்ததுதான் மிச்சம்.

எடுப்பதை விட்டுச் சரிசெய்யும் காலம் 1954-இல் பிறந்தது. சான்பிரான்சிஸ்கோவில் நார்மன் ஃப்ரீமன், தமனியின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புப் பாறையைச் சுரண்டி எடுத்து, சிறுநீரகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். பிறகு பைபாஸ் வந்தது. காலிலிருந்து எடுத்த சிரையையோ செயற்கைக் குழாயையோ மகாதமனியில் தைத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்குப் புது வழி போடுவார்கள். மகாதமனியே தையல் தாங்காத நிலையில் இருந்தால், கல்லீரலுக்கோ மண்ணீரலுக்கோ போகும் தமனியிலிருந்து பங்கு கேட்பார்கள். குழந்தைகளுக்குச் சிரையை ஒட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு: தமனியின் அழுத்தத்தைத் தாங்காமல் அது காலப்போக்கில் பலூன் போல் வீங்கிவிடலாம். அவர்களுக்கு இடுப்பிலிருந்து ஒரு தமனித் துண்டையே எடுத்து ஒட்டுவது நல்லது.

எனக்கு மலைப்பூட்டுவது இன்னொரு அறுவை சிகிச்சை. சுருக்கம் தமனியின் கிளைகளுக்குள் ஆழமாகப் போயிருந்தால் வயிற்றுக்குள் வைத்து அதைத் தைக்க முடியாது. ரத்தம் நின்ற சிறுநீரகம் உடல் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். அதனால் சிறுநீரகத்தையே வெளியே எடுத்துவிடுகிறார்கள். குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி ரத்தத்தைக் கழுவ, அது வெளிறிப்போகிறது. பனிக்கூழில் கிடத்தினால் பல மணி நேர அவகாசம் கிடைக்கிறது. மேசையின் முன் உட்கார்ந்து, உருப்பெருக்கி வழியே பார்த்து, முடியைவிட மெல்லிய இழைகளால் கிளை கிளையாகத் தைக்கிறார்கள். பிறகு அது பெரும்பாலும் பழைய இடத்துக்குப் போவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைப்பது போலவே அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து, அங்குள்ள இடுப்புத் தமனியோடும் சிரையோடும் இணைக்கிறார்கள். கவ்வியை எடுத்ததும் வெளிறிய உறுப்பு சிவக்கிறது. சில நிமிடங்களிலேயே சிறுநீர் சொட்டுவதும் உண்டு. தன் சிறுநீரகமே என்பதால் உடல் அதை நிராகரிக்காது. அதற்கான மருந்தும் வேண்டாம்.

1970-களின் கடைசியில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்சிக், தொடைத் தமனி வழியே பலூனை அனுப்பிச் சிறுநீரகத் தமனியை விரித்துக் காட்டினார். விரித்த குழாயைத் திறந்தே வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் பின்தொடர்ந்தது. கத்தியில்லாமல் முடிகிறது என்றதும் மறுபடி அவசரம் தொற்றிக்கொண்டது; ஸ்கேனில் சுருக்கம் தெரிந்தாலே ஸ்டென்ட் வைத்தார்கள். வயதானவர்களின் கொழுப்புப் படிவச் சுருக்கத்தில், நல்ல மாத்திரைகளோடு ஸ்டென்ட்டையும் சேர்ப்பதால் பெரும்பாலோருக்குக் கூடுதல் பலனில்லை என்று 2009-இல் 806 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வும், 2014-இல் 947 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வும் காட்டின. சுருக்கம் இருப்பது ஒன்று. அழுத்தத்துக்கு அதுவே காரணமாக இருப்பது வேறொன்று. ஹோமர் ஸ்மித்தின் கணக்கு சொன்னதும் இதைத்தான்.

ஆனால் இந்த முடிவை எல்லோருக்கும் பொருத்துவது தவறு. திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்துக்கொள்பவர்கள், எத்தனை மருந்துக்கும் அழுத்தம் இறங்காதவர்கள், சிறுநீரகச் செயல்பாடு வேகமாகச் சரிபவர்கள் ஆகியோருக்கு அடைப்பைத் திறப்பது உயிர்காக்கும் சிகிச்சையாகலாம். தமனிச்சுவரின் தசைநார் கோணலாக வளர்ந்து குழாய் மணிமாலை போலாகும் நோய் பெரும்பாலும் பெண்களுக்கு வருகிறது. அதற்குப் பலூன் மட்டுமே பெரும்பாலும் போதும். இந்திய இளைஞர்களிடம் சிறுநீரகத் தமனி சுருங்குவதற்கு டக்கயாசு என்னும் தமனி அழற்சி ஒரு முக்கியக் காரணம். முதலில் மருந்தால் அழற்சியை அடக்கிவிட்டுத்தான் பலூனோ பைபாஸோ செய்ய வேண்டும்; கொதிக்கும் சுவரில் போட்ட தையல் நிலைக்காது.

ஆகவே முப்பது வயதுக்குள் பி.பி. ஏறியிருந்தால் மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத் தமனிக்கு டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும், ‘பிரில்’ என்றோ ‘சார்டன்’ என்றோ பெயர் முடியும் மாத்திரை தொடங்கியிருந்தால், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினை ஓரிரு வாரத்தில் பரிசோதித்துவிடுங்கள். அது சட்டென்று உயர்ந்தால் இரண்டு தமனிகளும் சுருங்கியிருக்கக்கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.