மங்கும் பெப்டைடு களிம்பும்



புறநோயாளிகள் வரிசையில் முந்தானையால் கன்னத்தை மறைத்தபடி உட்கார்ந்திருக்கும் சகோதரிகளை நான் அடிக்கடி காண்பதுண்டு. வலியில்லை, காய்ச்சலில்லை, முகத்தில் படர்ந்த மங்குதான் அவர்கள் வேதனை. அப்படி ஒரு தாயார் என்னிடம், "பெப்டைடு கலந்த களிம்பு இதைப் போக்குமாமே, வாங்கலாமா ஐயரே?" என்று கேட்டார். அதன் விலையோ அவருடைய ஒரு வாரக் கூலிக்கும் மேல்! ஆகவே இதைச் சற்று விளக்குவது நலம்.

மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் என்னும் அணுக்கள் உண்டு. வெயில் பட்டதும் அருகிலுள்ள தோல் அணுக்கள் அவற்றுக்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தியைச் சுமப்பது 13 அமினோ அமிலங்கள் கோத்த ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்னும் சிறு சங்கிலி. அது மெலனோசைட்டில் போய் ஒட்டியதும் டைரோசினேஸ் என்னும் நொதி கருநிறத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. கர்ப்பகால ஹார்மோன்களும் இதைத் தூண்டுவதால்தான் கர்ப்பிணிகளுக்கு மங்கு வருகிறது.

பெப்டைடும் அத்தகைய சங்கிலியே. நோனாபெப்டைடு-1 என்பதில் 9 அமினோ அமிலங்கள். திரும்பாத சாவி பூட்டை அடைத்துக்கொள்வதுபோல, இது செய்தி வந்து ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்து அணுக்களில் இது பலிக்கிறது. ஆனால் சுமார் 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தோலுக்குள் எளிதில் நுழையா. இதன் எடையோ 1,000-க்கும் மேல். மனிதரிடத்தில் கிடைத்த சான்றும் சொற்பமே. தீங்கு குறைவு, பலனும் நிச்சயமில்லை.

மெய்யான ஆபத்து, சில நாட்களில் வெளுக்க வைக்கும் களிம்புகளில் உள்ளது. சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு, அது தோலை மெலிய வைக்கும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றோடு சேர்த்தது.

மங்குக்கு முதல் மருந்து நிழலே. குடை, தொப்பி, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வெயில்காப்புக் களிம்பு ஆகியவை உதவும். அசெலெயிக் அமிலம், ஹைட்ரோகுயினோன் போன்ற மருந்துகளை மருத்துவர் சொற்படியே பூசவேண்டும். மாதக்கணக்கில் பொறுமை தேவை.

இன்னொன்று: வெளிறிய, தொட்டால் உணர்ச்சியற்ற தேமல் மங்கு அல்ல; தொழுநோயாக இருக்கலாம். களிம்பு பூசிக் காலம் கடத்தாமல் உடனே வரவேண்டும். அது மாத்திரைகளால் குணமாகும். தாமதித்தால் கைகால் ஊனமாகும்.

அந்தத் தாயாரிடம், "முதலில் குடை வாங்குங்கள் அம்மா, பிறகு டாக்டரைப் பார்க்கலாம்" என்றேன். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்திலும் இதைச் சொல்லுங்கள்.