மனச்சோர்வும் காந்தத் துடிப்பும்

கனடாவில் இருக்கும் சாச்சியின் மகள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தாள். "நானா, உம்மாக்கு நீங்கதான் விளங்கப்படுத்தோணும். என்ட தலையில காந்தம் வைக்கப் போறாங்க எண்டதும் அழத் தொடங்கிட்டா" என்றாள்.

இரண்டு வருடமாக அவளுக்கு மனச்சோர்வு. இரண்டு வகைக் குளிசை மாற்றியும் குணமில்லை. பிள்ளைக்குத் தலை வாரிவிடக்கூட கை எழும்புதில்லை என்பாள். ஊரில் சிலர் இதற்கு ஈமான் குறைவு என்று பெயர் வைத்தார்கள். நீரிழிவுக்கு அப்படிச் சொல்வார்களா?

நான் தமிழ் படித்தவன். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு சரி. ஆனாலும் தேடி வாசித்தேன். சாச்சிக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

சாச்சி பயந்தது 'கரண்ட் வைக்கிற' வைத்தியத்தை நினைத்து. அது வேறு. அதில் மயக்க மருந்து கொடுத்து, மூளையில் வலிப்பை உண்டாக்குவார்கள். (கடும் மனச்சோர்வுக்கு இன்றும் அது பலனுள்ள வைத்தியமே, அதன் பெயரைக் கெடுத்தது சினிமா.) காந்தத் தூண்டலுக்கு மயக்க மருந்து இல்லை. நோயாளி விழித்தபடி கதிரையில் சாய்ந்திருப்பார்.

"சாச்சாட சைக்கிள்ல டைனமோ இருந்ததே, ஞாபகமா?" என்று கேட்டேன். சில்லு சுற்றினால் உள்ளே காந்தம் சுற்றும். பக்கத்துக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். காந்தம் இருந்தால் மட்டும் போதாது, காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மைக்கேல் பரடே 1831இல் கண்ட உண்மை இது. இந்த வைத்தியத்தில், தலைக்கு மேல் பிடித்த சுருளில் மின்சாரம் நொடியின் சிறு துணுக்கு நேரம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடக்கிறது. டைனமோவில் கம்பி இருந்த இடத்தில் இங்கே நரம்புக் கலங்கள். அவற்றில் சிறு மின்னோட்டம் எழுகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் இப்படிச் செய்தபோது, எதிரே இருந்தவரின் கை துடித்தது. நடைபாதையில் விற்கும் காந்த வளையலுக்கு இந்த வேலை தெரியாது, அது அசையாத காந்தம்.

மனச்சோர்வுக்குச் சுருளை வைப்பது பெரும்பாலும் இடது முன்நெற்றிப் பக்கம். அங்குள்ள மூளைப் பகுதி இந்நோயில் பலருக்கு மந்தமாக இயங்குவதைக் கண்டிருக்கிறார்கள். துடிப்பு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் எட்டாது. ஆனால் அந்தப் பகுதியிலிருந்து, உணர்ச்சியோடு தொடர்புள்ள ஆழமான பகுதிகளுக்கு நரம்புப் பாதைகள் போகின்றன. புல்லில் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுவதுபோல, திரும்பத் திரும்பத் தூண்டுவதால் அந்தத் தொடர்புகள் மாறுகின்றன என்பதே இன்றைய விளக்கம்.

முதல்நாள் கைப்பெருவிரல் துடிக்கும் அளவைப் பார்த்து, ஆளுக்கேற்ற பலத்தைத் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்கா 2008இல் அனுமதித்த முறையில் நொடிக்கு 10 துடிப்பாக 4 நொடி, பிறகு 26 நொடி ஓய்வு. இப்படிச் சுமார் 37 நிமிடத்தில் 3000 துடிப்புகள். கிழமைக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு கிழமை. மூன்று நிமிடத்தில் முடியும் முறையும் பலனில் குறைந்ததல்ல என்று 2018இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. தங்கச்சிக்கு அந்தக் குறுகிய முறைதான்.

மந்திரம் போல் சொல்லிவிடக் கூடாது. 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 190 பேரில் ஒரு பகுதியினருக்குப் போலிச் சுருள் வைத்தார்கள். உண்மைச் சுருள் பெற்றவர்களில் 100க்கு 14 பேரும், போலி பெற்றவர்களில் 5 பேரும் நோய் நீங்கினார்கள். வித்தியாசம் உண்மையானது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. சாதாரண சிகிச்சையில் இதைவிட நல்ல பலன்கள் பதிவாகியுள்ளன, ஆனால் அங்கே ஒப்பிடப் போலிச் சுருள் இல்லை.

தலைவலி, சுருள் பட்ட இடத்தில் நோவு வரலாம். வலிப்பு மிக அரிது. தலைக்குள் உலோகமோ செவிக் கருவியோ பதித்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது.

எல்லாம் கேட்டுவிட்டு சாச்சி ஒன்றே ஒன்று கேட்டா: "அந்த நேரம் புள்ள ஸலவாத் ஓதலாமா?"

"தலையை அசைக்காம மனசுக்குள்ள ஓதலாம் சாச்சி. மரங்கொத்தி கொத்துற மாதிரிச் சத்தம் கேட்கும், காதுக்கு அடைப்பான் தருவாங்க" என்றேன்.

இப்போது மூன்றாம் கிழமை. இன்னும் பெரிய மாற்றம் இல்லை என்கிறாள். நேற்று மட்டும் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாளாம்.