சீருடை இல்லாத சேனை

நெப்போலியனுடைய காலாட்படை வீரன் ஒருவனைச் சிறு பதுமையாக வார்க்க முற்படும் சிற்பிக்கு முன்னால், சரித்திரம் என்னும் கண்டிப்பான உபாத்தியாயர் பிரம்போடு நின்றுகொண்டே இருப்பார். சட்டையின் நிறம், பொத்தான்களின் வரிசை, தொப்பியில் செருகிய இறகின் நீளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சாட்சியம் உண்டு. பிழை நேர்ந்தால் அதைச் சுட்டிக்காட்டச் சளைக்காத ரசிகர்களும் உண்டு. பிசாசைச் செய்கிறவனுக்கோ அந்தத் தொல்லை இல்லை. நரகத்துச் சேனைக்கு இன்ன சீருடை என்று எந்த அரசாங்கமும் உத்தரவு பிறப்பித்ததில்லை. மேசைப் போர்விளையாட்டில் ஈடுபட்டவர்கள், தங்கள் படைக்கு வேண்டிய உருவங்களை விளையாட்டை வெளியிடும் ஸ்தாபனத்திடமே வாங்காமல் வேறிடங்களில் தேடிப் பொறுக்கிச் சேர்க்கும் வழக்கம், பிசாசுப் படைக்கு இவ்வளவு இசைவாக அமைந்திருப்பதற்கு மூலகாரணம் இதுவே.

விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். இதன் வமிசாவளி சதுரங்கத்தில் தொடங்குகிறது. இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்த அந்த ஆட்டத்தை விரித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் கொண்ட பலகையில் பீரங்கியையும் குதிரைப் படையையும் நடத்தும் விளையாட்டு ஒன்றை, ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக் என்பவர் 1780-இல் வெளியிட்டார். பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் அந்தக் கட்டங்களையும் அகற்றி, நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும் மேசையொன்றை அமைத்து 1812-இல் தம் அரசருக்கு அளித்தார். அவருடைய மகன் 1824-இல் அதைத் தேசப்படமும் பகடையும் கொண்டு ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கு உரியதாக்கினார். பாசறையிலிருந்த அந்த வித்தையைக் குழந்தைகளின் அறைக்கு அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ்; ஈயச் சிப்பாய்களையும் சுருள்வில் பீரங்கிகளையும் வைத்து ஆடும் விதிகளை அவர் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலாக எழுதினார். சரித்திரப் போர்களையே ஆடிச் சலித்த பிற்காலத்தவர் பூதங்களையும் மந்திரவாதிகளையும் களத்தில் இறக்கினார்கள். 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தோன்றியது; 1983-இல் இங்கிலாந்தில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தாரின் 'வார்ஹாமர்' தோன்றியது.

ஆட்டத்தின் முறை எளிது. இருவர் ஒரு பெரிய மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று, அளவு நாடாவால் தூரத்தை அளந்து தங்கள் பதுமைகளை நகர்த்தி, வெட்டுக்கும் தப்புதலுக்கும் பகடையிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். ஒவ்வொரு பதுமையும் ஒரு சிறு பீடத்தின்மேல் நிற்கிறது. மனித உருவத்துக்கு இன்று பெரும்பாலும் வழங்கும் அளவு 28 மி.மீ.; அதைப் பாதத்திலிருந்து கண்வரையில் அளப்பது பொது வழக்கம். வார்ஹாமர் உலகத்தில் பிசாசுகளுக்கு நான்கு அதிதேவதைகள். கோர்ன் என்பது உதிர வெறியின் தெய்வம்; நர்கிள் நோய்க்கும் அழுகலுக்கும் தெய்வம்; ட்ஸீன்ச் மாயத்துக்கும் மாற்றத்துக்கும் தெய்வம்; ஸ்லானேஷ் இன்ப வெறிக்குத் தெய்வம். (இங்கே பிசாசு என்று நான் எழுதுவது, இறந்தவரின் ஆவியாகிய நம் ஊர்ப் பேயை அன்று, கொம்பும் குளம்பும் சிறகும் தரித்துக் கிறிஸ்தவ ஐரோப்பாவின் கோயில் சுவர்களில் குடியிருந்த நரகவாசியை.)

கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனமே இந்தப் படைக்கு அழகிய பதுமைகள் விற்கும்போது மாற்று எதற்கு என்ற கேள்வி எழலாம். விலை ஒரு காரணம். பிசாசுகள் கும்பலாக வருகிறவை ஆதலால், ஒன்றுக்கு அதிகமாகத் தோன்றாத விலை அறுபதுக்கு மலைப்பாகிவிடுகிறது. ரசனை மற்றொரு காரணம். ஒருவருக்குப் பிரமாதமாகத் தோன்றும் வடிப்பு வேறொருவருக்குக் கேலிச் சித்திரமாகப் படுகிறது. இவற்றைவிட ஆழமான காரணமும் உண்டு. 2015-இல் அந்த நிறுவனம் தன் பழைய கற்பனை உலகத்தை அழித்துவிட்டு, சதுரப் பீடங்களில் அணிவகுத்து நின்ற சேனைகளுக்குப் பதிலாக வட்டப் பீடங்களில் சிதறி நிற்கும் புதிய ஆட்டத்தைத் தொடங்கியபோது, வருஷக்கணக்காகச் சேர்த்த சதுரப் படைகளோடு பலர் நின்றுபோனார்கள். அவர்களில் அநேகர் நாட்டிங்ஹாம் நகரத்தில் உள்ள மான்டிக் நிறுவனத்தாரின் 'கிங்ஸ் ஆஃப் வார்' போன்ற பிற ஆட்டங்களை நாடினார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு படைப்பிரிவு முழுவதும் ஒரே உருப்படியாகக் கருதப்படுகிறது. அடிபட்டவனைத் தனியாக எடுத்து வைக்கும் வழக்கமில்லை. பிரிவு நிற்கும் நிலத்தின் நீள அகலமே முக்கியம். அதன்மேல் நிற்பது எந்தப் பட்டறையில் பிறந்தது என்று அங்கே எவரும் விசாரிப்பதில்லை.

மாற்று உருவம் தேடுவது ஏழைமையின் சமாதானம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சரித்திரச் சம்பவத்தை நினைவூட்டலாம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைப் படைத்தவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மேசையில் நிறுத்தத் தக்க ராட்சதப் பிராணிகள் கிடைக்காத அந்த ஆரம்ப காலத்தில், மலிவுக் கடையில் விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கினார். பழங்கால மிருகங்கள் என்ற பெயரில் ஒரு பையில் அடைத்து விற்ற அவை, எந்தக் காலத்து மிருகத்தையும் ஒத்திருக்கவில்லை. அவற்றுக்கு அவர் பெயரும் குணமும் கற்பித்தார். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து உண்ணும் 'ரஸ்ட் மான்ஸ்டர்', ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட 'அவுல்பேர்' ஆகியவை அவ்வாறு பிறந்து, அந்த விளையாட்டின் நிரந்தரப் பிரஜைகளாகிவிட்டன. வேறொன்றின் ஸ்தானத்தில் நிற்க வந்த பொம்மை, தனக்கென்றே ஒரு ஸ்தானத்தைச் சம்பாதித்துக்கொண்டது.

ஆனாலும் தேடுகிறவன் மனம்போன போக்கில் தேடலாகாது. முதலில் பார்க்க வேண்டியது பீடம். விதிநூல் 25 மி.மீ. பீடம் கேட்குமானால், விரிந்த சிறகோ நீண்ட ஈட்டியோ பக்கத்திலிருப்பவன்மேல் இடித்து வரிசையைக் குலைக்காதபடி, அந்த அளவுக்குள் நிற்கக்கூடிய உருவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது உயரம். பார்வை எட்டுகிறதா, மறைவில் நிற்கிறதா என்பதைப் பதுமையின் உயரத்தைக் கொண்டே தீர்மானிக்கும் ஆட்டங்களில், குள்ளமான மாற்று உருவம் நியாயமற்ற லாபத்தைத் தந்துவிடும். மூன்றாவது நிழலுருவம். மூன்று முழ தூரத்தில் நிற்கும் எதிராளி குனிந்து உற்றுப் பார்க்காமலே இது வாளேந்திய அடியாள், இது வேட்டை நாய், இது சிறகுள்ள தலைவன் என்று சொல்ல முடிந்தால் அந்த உருவம் தேறியது.

இந்த மூன்று பரீட்சைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு குலங்களையும் பார்ப்போம். கோர்னின் அடியாட்கள் கொம்பும் வாளும் கொண்ட செந்நிறத்தார். கொம்பு வைத்த எந்த முரட்டு உருவமும் சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டு இந்தக் குலத்தில் சேர்ந்துவிடலாம். மான்டிக் நிறுவனத்தாரின் பாதாளப் படையிலுள்ள சாமானியப் பிசாசுகள் இதற்குப் பொருத்தமானவை. இவர்களுடைய வேட்டை நாய்களுக்குச் சாதாரண ஓநாய்ப் பதுமைகளே போதும். கழுத்தைச் சுற்றி ஒரு செதில் விசிறி சேர்த்தால் வேலை முடிந்தது. நர்கிளின் அடியாட்கள் ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கொம்பும் உப்பிய வயிறுமாக நடக்கும் நோயாளிகள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நடைப்பிணப் பதுமைகளின் நெற்றியில் ஒரு கொம்பை ஒட்டி, வயிற்றைக் களிம்பால் பெருக்கினால் அவர்கள் உருவாகிவிடுவார்கள். பிரான்சின் கோல்மார் நகரத்தில் இருக்கும் ஈசன்ஹைம் பலிபீடச் சித்திரத்தில், குரூனெவால்ட் என்னும் ஓவியர், துறவி அந்தோனியார் சோதனைக்குள்ளான காட்சியின் மூலையில், உடலெங்கும் கொப்புளமாய் வயிறு வீங்கிய ஓர் உருவத்தை 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீட்டிவைத்திருக்கிறார். நர்கிளின் குலத்துக்கு அதைவிட நல்ல மாதிரி இல்லை.

ட்ஸீன்சின் கணம்தான் தேடுகிறவனுக்குப் பெருவிருந்து. அங்கே இளஞ்சிவப்புப் பிசாசு வெட்டுண்டால் இரண்டு நீலப் பிசாசுகளாகப் பிரிகிறது. தலைமைப் பிசாசுக்கோ பறவை முகம். ஒன்றைப்போல் மற்றொன்று இராமலிருப்பதே இந்தக் கணத்தின் லட்சணம் ஆதலால், பத்துப் பட்டறைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிய பத்து விசித்திர உருவங்களும் இங்கே பொருந்திவிடும். மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சிசாலையிலுள்ள ஹீரோனிமஸ் பாஷ் வரைந்த நரகக் காட்சியில், உயர்ந்த நாற்காலியில் வீற்றிருந்து மனிதரை விழுங்கும் பறவைத் தலையனைக் கண்டவர்கள், இந்தக் குலத்தின் மூதாதையைக் கண்டவர்களே. ஸ்லானேஷின் அடியாட்கள் பெண்ணுருவும் நண்டுக் கொடுக்கும் கலந்தவர்கள். மெலிந்த நடனமாதுப் பதுமை ஒன்றின் முன்கையை அறுத்துவிட்டுக் கொடுக்கை வைத்தால் அந்தக் குலத்துக்கும் ஆள் கிடைத்துவிடும்.

எந்தப் பண்டத்தால் செய்தது என்பதைத் தெரிந்துகொள்வதும் அவசியம்; ஏனெனில் சிறு பட்டறை உலோகத்தையும் ரெசினையும் நாடுவதற்கும், பெரிய ஸ்தாபனம் பிளாஸ்டிக்கை நாடுவதற்கும் காரணம் அச்சின் விலையே. வட்டமான ரப்பர் அச்சைச் சுழலவிட்டு, அதன் நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால், சுழற்சியின் வேகத்தால் அது விளிம்பை நோக்கி ஓடி ஒவ்வொரு குழியையும் நிரப்பும். இதற்கு முதல் குறைவு. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அழுத்தி ஏற்றுவதற்கோ எஃகில் குடைந்த அச்சு வேண்டும்; அதற்கு முதல் மிகப் பெரிது, ஆனால் பின்னர் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். பழைய உலோகப் பதுமைகளில் ஈயம் கலந்திருக்கும்; 1990-களில் பலரும் அதைக் கைவிட்டு வெள்ளீயக் கலவைக்கு மாறினார்கள். ஆகவே பழைய சரக்கை அராவுகிறவர்கள் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது. பாலிஸ்டைரீனை அதற்குரிய பசை கரைத்தே ஒன்றாக்கிவிடும். உலோகத்தையும் ரெசினையும் அந்தப் பசை ஒட்டாது, சூப்பர் குளூவே வேண்டும். அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்து ரீப்பர் நிறுவனத்தார் விற்கும் 'போன்ஸ்' வரிசைப் பதுமைகள் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றின் வாள் வளைந்திருந்தால் வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அப்படியே நிலைத்துவிடும்.

இப்பொழுது வீட்டிலேயே முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். சிற்பி கணினியில் வடித்த கோப்பை விலைக்கு வாங்கி, புற ஊதா ஒளி பட்டால் இறுகும் ரெசின் திரவத்தில், ஏறக்குறைய 0.05 மி.மீ. கனமுள்ள ஏடுகளாக ஒன்றன்மேல் ஒன்று இறுகச் செய்து உருவத்தை எழுப்புகிறார்கள். வேண்டிய உயரத்துக்குப் பெருக்கவோ சுருக்கவோ முடிவது இதன் பெரும் சௌகரியம். இறுகாத ரெசின் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு செய்வது. ஆகையால் கையுறையும் காற்றோட்டமான அறையும் இன்றி இதில் இறங்கலாகாது.

பல இடங்களிலிருந்து வந்த உருவங்களை ஒரே சேனையாக்கும் ரசாயனம் மூன்று. நீலமும் மஞ்சளுமான இரண்டு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகிச் சில மணி நேரத்தில் இறுகும் எபாக்சிக் களிமண்ணால், ஒரே விதமான கொம்பையோ வாலையோ எல்லோருக்கும் வைக்கலாம். பீடங்களை எல்லாம் ஒரே கருகிய மண்ணால் மூடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூன்று வர்ணங்களை வரையறுத்துக்கொண்டு அவற்றையே எல்லோருக்கும் பூசலாம். சீருடை இல்லாத சேனைக்குத் தூரிகைதான் தையற்காரன். விலையுயர்ந்த பதுமைகளை அவசரத்தில் கண்டபடி பூசியவனுடைய படையைவிட, பொறுக்கிய பதுமைகளை ஒரே நிறத்தில் நிதானமாகப் பூசியவனுடைய படை மேசையில் கம்பீரமாக நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. மாற்று வேறு, கள்ள வார்ப்பு வேறு. ஒரு சிற்பியின் பதுமையை வாங்கி, அதிலிருந்து ரப்பர் அச்செடுத்து மலிவாக விற்பது திருட்டு. அதை வாங்குவது திருட்டுக்கு உடந்தை. கொம்புள்ள பிசாசைத் தம் கற்பனையால் புதிதாக வடிப்பவரோ, எவருடைய சொத்தையும் தொட்டவர் அல்லர். இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது சில வேளைகளில் நீதிமன்றம் வரையிலும் போயிருக்கிறது: கேம்ஸ் ஒர்க்‌ஷாப் பதுமைகளுக்கு உபரி உறுப்புகள் செய்து விற்ற சாப்டர்ஹவுஸ் என்னும் சிறு பட்டறைமேல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தொடுத்த வழக்கில், 2013-இல் சிகாகோ ஜூரிகள் சில அம்சங்களில் ஒருவர் பக்கமும் சில அம்சங்களில் மற்றவர் பக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள். அன்றியும், ஒரு நிறுவனம் தானே நடத்தும் போட்டிகளில் தன் பதுமைகளையே அனுமதிப்பதுண்டு; ஆதலால் போட்டிக்குப் பணம் கட்டுமுன் அதன் விதிகளைப் படித்துவிட வேண்டும்.

நண்பர்களுக்குள் ஆடும்போது விதி ஒன்றுதான். முதல் பகடை உருளுவதற்கு முன்னால், எதிரே நிற்பவருக்கு உங்கள் படையை வரிசையாகக் காட்டி, இது இன்னது, இதன் பலம் இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். அவர் தலையசைத்தபின், நீங்கள் நிறுத்தியது நடைப்பிணமோ ஹாங்காங் பொம்மையோ, அது அன்று மாலை முடியும்வரை பிசாசுதான்.