தக்காளி நாத்து நெட்டையா இருந்தா நல்லதா? கம்பைநல்லூர் விவசாயிகள் வாங்கும்போது பார்க்க வேண்டியது என்ன?

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் பகுதியில் தக்காளி போடும் விவசாயிகள் பலரும் இப்போது பாத்தியில் விதை தூவுவதில்லை. நிழல்வலைக் கூடத்தில் குழித்தட்டில் வளர்ந்த நாத்தை வாங்கித்தான் நடுகிறார்கள். 2 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளி விட்டால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 14,500 நாத்து வேண்டும். 98 குழி உள்ள தட்டு என்றால் கிட்டத்தட்ட 150 தட்டு. காசு கொடுத்து வாங்கிய நாத்து நட்ட மறுநாளே தலை சாய்ந்தால், போக்குவாய் நடவு, ஆள் கூலி என்று செலவு ஏறும். சந்தையில் விலை என்ன ஆகும் என்பது அதற்கப்புறம்தான்.

பண்ணைக்குப் போனதும் நெடுநெடுவென நிற்கும் தட்டுதான் முதலில் கண்ணில் படும். 'நல்லா வளர்ந்திருக்கே' என்று தோணும். ஆனால் அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்துக்கான தவிப்பு!

எங்கே தப்பு நடக்குது?

பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்ட பிறகு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடுவார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து நாலைந்து நாளில் முளை வந்துவிடும். அன்றைக்கே பிரித்துப் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் இருட்டுக்குள் தண்டு வெள்ளையாக இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது.

அடுத்தது தண்ணீர். காலையில் பூவாளியில் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் மேல்பரப்பு காய்ந்துவிடும். மாலையில் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம்தான். நாற்றழுகல் நோய்க்கு அதுவே வசதி. தண்டு அடியில் கருத்து, நாத்து கொத்தாகச் சாயும். தழைச்சத்து உரம் கூடினாலும் இலை பச்சைப்பசேல் என்று இருக்கும், தண்டில் பலம் இருக்காது.

வலையில் ஓட்டை இருந்தால் வெள்ளை ஈ உள்ளே வரும். இலைச்சுருட்டை வைரஸைப் பரப்புவது இதுதான். நாத்துப் பருவத்திலேயே தொற்றிய செடி பிழைத்தாலும் காய்ப்பு பெரிதாக இருக்காது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

25 நாள் வயது, நாலைந்து இலை, அரை அடிக்கு மேல் போகாத உயரம், நிமிர்ந்து நிற்கும் தண்டு. ஒரு நாத்தைக் குழியிலிருந்து உருவிப் பாருங்கள். வெள்ளை வேர் நார்க்கழிவைக் கூம்பு மாதிரி பிடித்துக்கொண்டு முழுசாக வர வேண்டும். உதிர்ந்தால் இளசு. வேர் பழுப்பாகிச் சுற்றிக்கொண்டிருந்தால் வயது தாண்டியது. கடைசி ஒரு வாரம் நிழல்வலைக்கு வெளியே வைத்து, தண்ணீரைக் குறைத்தார்களா என்றும் கேளுங்கள். பண்ணைக்காரர் தயங்கினால் யோசிக்க வேண்டியதுதான்.

வீட்டு ஜன்னல் ஓரம் நாலு தொட்டியில் வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான். செடி வெளிச்சம் வரும் பக்கமே சாயும். தினமும் தொட்டியைத் திருப்பி வையுங்கள். இலை ஈரமில்லாத நேரத்தில் உள்ளங்கையால் நுனியை லேசாகத் தடவிவிட்டால் தண்டு தடிக்கும். வெட்டவெளியில் காற்று செய்யும் வேலை அது.

நெட்டை நாத்தை ஏற்கெனவே வாங்கியாச்சா? தூக்கிப் போட வேண்டாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயும் வேர் விடும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டு பாதி புதையும்படி, வெயில் தாழ்ந்த பிறகு நட்டுத் தண்ணீர் விடுங்கள்.